வேண்டாம் என்கிறார்; எதை?

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை மருத்துவர் மில்லிமீட்டரில் அளப்பார். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே 35 மில்லிமீட்டர்கூட வரவில்லை என்றால், தாடை இறுகிவிட்டது என்று குறித்துக்கொள்வார். வீட்டில் கரண்டிதான் அளவு. போன ஆடியில் சாப்பாட்டுக் கரண்டி நுழைந்தது. பொங்கலுக்கு டீ ஸ்பூன். இப்போது ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் ராகிக் கூழை உறிஞ்சி, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார் மனைவி. “ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாமாங்க?” என்று கேட்டால் கணவர் தலையைக் குறுக்கே ஆட்டுகிறார். மூன்று மாதமாக அதே தலையாட்டல்.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடு ஒன்று. பல வீடுகளில் பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து நான் கட்டியது என்பதால் பெயர் சொல்லத் தேவையில்லை. கணவர், பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறையில் இயந்திரம் ஓட்டியவர். கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் புண் வந்தது. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், புற்று என்றார்கள். தாடையில் ஒரு பகுதியை எடுத்து, மார்புச் சதையைத் திருப்பிக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். பிறகு ஆறு வாரம் ‘கரண்ட்’ வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு நம் ஊரில் அதுதான் பெயர். இரண்டு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் புற்று இல்லை. தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் தாடையில் குடைச்சல், ஆடும் பல், கன்னத்துத் தோலில் ஊசித் துவாரம்போல ஒரு ஓட்டை, அதிலிருந்து கசிவு. எலும்பு செத்துப்போயிருக்கிறது, சுரண்ட வேண்டும். தேவைப்பட்டால் தாடையை எடுத்துவிட்டுக் கால் எலும்பை வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். அவர் பேசி முடிப்பதற்குள் நோயாளி எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஊர் இரண்டு வேலைகளில் ஒன்றைக் கொடுத்துவருகிறது. “எப்படியாவது சம்மதிக்க வை” என்பது ஒரு கட்சி. அழு, கோபித்துக்கொள், பிள்ளைகளை முன்னால் நிறுத்து, தாலியைக் காட்டு. “அவர் இஷ்டம், விட்டுடு” என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி மனைவியைப் போலீஸ்காரர் ஆக்குகிறது. இரண்டாவது கட்சி ஒரு மனிதரின் சுதந்திரத்தைப் பேசுவதுபோலப் பேசிவிட்டு அவரைக் கைகழுவுகிறது. அவர் எதை வேண்டாம் என்கிறார் என்று இரண்டு கட்சியும் கேட்பதில்லை.

வாய்ப் புற்றுக்குப் பின் வரும் சிக்கல்கள் விசித்திரமானவை. நோய் போன பிறகு, சிகிச்சையின் நிழலாக வருபவை அவை. கதிர்வீச்சு புற்றுச் செல்லைக் கொல்லும்போது சிறு ரத்தக் குழாய்களையும் சுருக்கிவிடுகிறது. கீழ்த்தாடை எலும்புக்கு இயல்பிலேயே மேல்தாடையைவிட ரத்த ஓட்டம் குறைவு. 60 கிரே அளவுக்குமேல் கதிர்வீச்சு வாங்கிய தாடையில் ஒரு பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமலே போகலாம். எலும்பு வெளியே தெரியும், சீழ் பிடிக்கும், சிலருக்குத் தானாகவே முறியும். இந்த ஆபத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்தும் வரலாம். அதனால்தான் கரண்ட் வைப்பதற்கு முன்பே கெட்ட பற்களைப் பிடுங்கி, குழி ஆற இரண்டு வாரமாவது விடச் சொல்கிறார்கள். அதனால்தான் பிற்பாடு எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே “இது கரண்ட் வாங்கின தாடை” என்று சொல்லிவிட வேண்டும். பல் ஆடுகிறதே என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து கிளினிக்கில் ஐந்து நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டு வருபவர்களிடம் இதை யாரும் சொல்லியிருப்பதில்லை.

இந்த எலும்புச் சாவுக்கு ‘ஆபரேஷன்’ என்ற ஒற்றைச் சிகிச்சைதான் என்று அந்தக் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அது ஒரு படிக்கட்டு. வாய் கொப்பளிப்பு, சுத்தம், ஆன்டிபயாடிக் என்பது கீழ்ப்படி. பென்டாக்ஸிஃபிலின் என்ற மாத்திரையையும் வைட்டமின் ஈ-யையும் மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுப்பது அடுத்த படி. தொடக்க நிலையில் பலருக்கு அது உதவியிருக்கிறது. உதிரத் தயாரான எலும்புத் துண்டை மட்டும் எடுப்பது அதற்கு மேல். தாடையை அறுத்துக் கால் எலும்பைப் பொருத்துவதுதான் உச்சிப்படி. உச்சியைப் பார்த்து மிரண்டவர் முதல் படியிலும் கால் வைக்க மாட்டேன் என்கிறார். அந்தப் படிகள் தனித்தனி என்று அவருக்குச் சொல்ல ஓ.பி.யில் நேரம் இல்லை. சொல்ல முயன்றபோது அவர் எழுந்து போய்விட்டார் என்பதும் உண்மைதான்.

மறுப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்ட நோயாளி ஒருவர் வரலாற்றில் இருக்கிறார். சிக்மண்ட் ஃபிராய்ட். 1923-ல் அவருடைய வாயில் புற்று கண்டது. மருத்துவர்கள் முதலில் அவரிடமே மறைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வலது மேல்தாடையை அறுத்தெடுத்தார்கள். வாய்க்கும் மூக்குக்கும் இடையே விழுந்த ஓட்டையை அடைக்க ஒரு செயற்கை அண்ணம். மாட்டவும் கழற்றவும் படாதபாடு. அந்த வீட்டில் அதற்கு வைத்த பெயர் ‘ராட்சசன்’. பதினாறு வருஷத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட முறை கத்திக்குக் கீழே படுத்தார். ஆனால் சுருட்டை விட மாட்டேன் என்றார். மூளை மந்தமாகிவிடும் என்று வலி மருந்தை மறுத்தார். மனைவி உட்பட வேறு யாரும் வேண்டாம், மகள் ஆனா மட்டும் கவனித்துக்கொள்ளட்டும் என்றார். அவரும் இரக்கத்தைக் காட்டக் கூடாது என்பது உடன்பாடு. 1939-ல் லண்டனில், கடைசி வாரங்களில், செத்த எலும்பின் நாற்றம் தாங்காமல் அவர் உயிரையே வைத்திருந்த வளர்ப்பு நாய் பக்கத்தில் வராமல் மூலையில் ஒதுங்கிக்கொண்டது. மனித மனத்தை அலசியவருக்கு அந்த நாய் ஒதுங்கியது என்ன செய்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். லைன் வீட்டில் நாய் இல்லை. எட்டு வயது மகள் இருக்கிறாள். இப்போதெல்லாம் அப்பா பக்கத்தில் படுக்காமல் பாட்டி வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

நாற்றத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வெட்கம். ஆனால் அது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின் மேல் பயன்படுத்தினால் வாடை வெகுவாகக் குறையும். வலி நிவாரணப் பிரிவுகளில் அன்றாடம் செய்வதுதான். கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்கும் இடத்துக்கு அவர் வர வேண்டும், அல்லது கேட்பவர் வீட்டுக்கு வர வேண்டும்.

அவர் ஏன் வர மறுக்கிறார்? வலி பயம், கத்தி பயம், ‘கத்தி பட்டால் பரவும்’ என்ற பழைய பேச்சு எல்லாம் உண்டு. இன்னொன்றைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கதிர்வீச்சின்போது முகத்தின் அச்சிலேயே செய்த வலை முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள். முப்பது நாளுக்கு மேல், தினமும். அந்தப் பூட்டுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்பார்கள். கோழைத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒருமுறை பட்ட உடம்புக்கு அந்த ஞாபகம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் இந்தப் பகுதிக்கே உரிய காரணங்கள் வேறு. முதலாவது, சட்டைப்பையில் இருக்கிறது. அவர் மறுபடியும் ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலையைப் போட ஆரம்பித்துவிட்டார். கன்னம் போன பக்கத்தில் முடியாது, மறுபக்கத்து உதட்டுக்குள். மருத்துவர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், எல்லார் முன்னாலும் திட்டுவார். திட்டு வாங்குவதைவிடத் தாடை அழுகட்டும் என்று நினைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். மனைவிக்கு இது தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் பேசுவதில்லை.

ஹான்ஸைப் பற்றி ஊரில் பேசும்போது ஒழுக்கம் பேசுகிறோம், வேலையைப் பேசுவதில்லை. இயந்திரத்தின் முன்னால் பீடி பற்ற வைக்க முடியாது. ராத்திரி ஷிப்டில் மூன்று மணிக்குக் கண் சொக்கும். உதட்டுக்குள் ஒதுக்கினால் புகை இல்லை, வாசனை அதிகமில்லை, மேஸ்திரி பார்க்க மாட்டார், தூக்கம் போகும். பாக்கெட் விலை ஒரு டீயை ஒட்டித்தான். தமிழ்நாடு குட்காவை 2001-ல் ஒருமுறை தடை செய்தது. 2004-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அந்தத் தடை போனது. 2013 மே மாதம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மீண்டும் தடை வந்து, வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. கர்நாடகமும் 2013-லேயே குட்காவைத் தடை செய்ததுதான். ஆனால் பான் மசாலா தனிப் பாக்கெட், புகையிலை தனிப் பாக்கெட் என்று பிரித்துவிட்டால் ‘குட்கா’ என்ற பெயர் காணாமல் போகிறது. இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டால் மறுபடி வந்துவிடுகிறது. கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கும் தமிழ்நாட்டு ஜூஜூவாடிக்கும் இடையிலான தூரம் ஒரு பஸ் ஸ்டாப். ஓசூர் சாலையில் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தி வராத மாதம் குறைவு. பிடிபட்டது போக மிச்சம் பெட்டிக்கடையில்.

பாக்கு மட்டும்தானே போடுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-ல் முடிவு செய்து இருபது வருஷம் தாண்டிவிட்டது.

அவர் வாயில் மறுபடி ஹான்ஸ் இருப்பதைக் கண்டதும் சிகிச்சையையே நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பைத்தான் முதலில் கலைக்க வேண்டும். முன்கூட்டியே மருத்துவரைத் தனியாகப் பார்த்து, “திரும்பவும் போடுகிறார், திட்டினால் வர மாட்டார்” என்று சொல்லும் உரிமை மனைவிக்கு உண்டு. விடுவதற்கு உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் ஒவ்வொரு புகையிலைப் பாக்கெட்டிலும் அச்சாகியிருக்கிறது: 1800-11-2356. 

இரண்டாவது காரணம் கூலி. அந்தக் கணக்கைக் கணவர் மனைவியைவிடத் துல்லியமாக வைத்திருக்கிறார். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நோய் விடுப்பில் இருந்தால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய்போல நீண்ட நோய் என்றால் 80 சதவீதமாக, இரண்டு வருஷம் வரை நீளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த நீட்டிப்புக்கு இரண்டு வருஷம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பதிவில் ஓட்டை விழும் தொழிலாளிக்கு அந்த ‘தொடர்ந்து’ என்ற சொல்லே போதும், படிவத்தைத் திருப்பி அனுப்ப. புற்றுக்காக வாங்க வேண்டிய நாளை எல்லாம் வாங்கி முடித்தாயிற்று. இப்போது வந்திருப்பது புற்று அல்ல, புற்றுச் சிகிச்சையின் விளைவு. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று குமாஸ்தா விழிக்கிறார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை தாங்கும். வருமான வரம்பு 1,20,000 ரூபாய். எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஏனென்றால் ஓசூர்க்காரருக்குப் பெரிய மருத்துவமனை என்றால் கை வடக்கேதான் நீளும். பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் பேப்பரில் படித்திருக்கிறார்கள். 1973-ல் தொடங்கிய பெங்களூரு கித்வாய் நிறுவனத்தின் வாசலில் டீ குடித்திருக்கிறார்கள். மொழி ஒரு பிரச்சினை இல்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுகிற ஊர் இது. பிரச்சினை, எல்லையைத் தாண்டினால் ஆவணம் வேறு அரசாங்கத்துக்குப் போய்விடுகிறது என்பது. அங்கே கரண்ட் வைத்த ஃபைல் அங்கேயே இருக்கும்; இங்கே எலும்பைப் பார்க்கும் மருத்துவர் எத்தனை கிரே, எந்தப் பக்கம் என்று கேட்பார்; மனைவியின் பையில் கசங்கிய டிஸ்சார்ஜ் தாளின் ஜெராக்ஸ் ஒன்று. அந்த இரண்டு மாநிலங்களையும் இணைக்கும் ஒரே அமைப்பு அந்தத் துணிப்பைதான்.

மூன்றாவது காரணத்தைப் பற்றி அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கழுத்தில் கரண்ட் வாங்கியவர்களில் கணிசமானோருக்குத் தைராய்டு சுரப்பி மெதுவாகப் படுத்துவிடும். சோர்வு, மந்தம், எதிலும் விருப்பமின்மை, பகலெல்லாம் தூக்கம். வீட்டுக்காரர்கள் அதைப் பிடிவாதம் என்பார்கள். அக்கம்பக்கம் ‘மனசு விட்டுட்டார்’ என்று சொல்லும். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. விலையோ சொற்பம். ‘போதும்’ என்று சொல்வது அவரா, அவருடைய கழுத்துச் சுரப்பியா என்று பார்க்காமலே அவர் முடிவை மதிப்பதும் தவறு, அவரைத் திட்டுவதும் தவறு. ரத்தம் எடுக்க அவர் ஊரைத் தாண்ட வேண்டியதில்லை.

மனச்சோர்வையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஆய்வொன்று, தலை–கழுத்துப் புற்றிலிருந்து பிழைத்தவர்களிடையே தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 63.4 என்று கணக்கிட்டது. மற்ற புற்றுகளிலிருந்து பிழைத்தவர்களிடையே அது 23.6. முகம், பேச்சு, சாப்பாடு என்று மனிதர் மனிதரோடு கலக்கும் மூன்று வழியும் ஒரே இடத்தில் அடைபடும் நோய் இது. அவர் “இருந்து என்ன பிரயோசனம்” என்று எழுதிக் காட்டினால், பேச்சை மாற்றாமல் நேராகவே கேட்கலாம்: “செத்துப்போகணும்னு தோணுதாங்க?” கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. அரசின் டெலி-மானஸ் எண் 14416 இரவு பகல் இயங்குகிறது. மனைவியும் தனக்காக அந்த எண்ணை அழைக்கலாம்.

சட்டம் கணவர் பக்கம் தெளிவாகத்தான் நிற்கிறது. சுயநினைவோடு, புரிந்து முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவருக்குப் பதிலாக வேறு யாரும் கையெழுத்துப் போட முடியாது என்று சமீரா கோஹ்லி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே மயக்கத்தில் இருந்த நோயாளிக்காகத் தாய் கொடுத்த சம்மதத்தையே நீதிமன்றம் ஏற்கவில்லை. சிகிச்சையை மறுக்கும் உரிமையை 2018-ன் காமன் காஸ் தீர்ப்பு உறுதி செய்தது. முன்கூட்டியே மருத்துவ விருப்பத்தை எழுதி வைக்கும் நடைமுறையை அதே நீதிமன்றம் 2023 ஜனவரியில் எளிமையாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் எழுதினால் போதும். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பது வேறு. “அம்மா, நீங்க கையெழுத்துப் போடுங்க” என்றுதான் பேப்பர் நீளும். ‘வர மறுத்துவிட்டார்’ என்பதற்கும் மனைவியிடமே கையெழுத்து வாங்குவார்கள். கணவரின் உரிமைக்கு மூன்று தீர்ப்புகள். அவரைக் கவனித்துக்கொள்ள மனைவிக்கு ஒரு நாள் விடுப்புக்குக்கூடச் சட்டம் கிடையாது. அவர் வேலை பார்ப்பது தையல் யூனிட்டிலோ, ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடிலிலோ. போகாத நாளுக்குக் கூலி இல்லை. இ.எஸ்.ஐ. நோயாளிக்கு விடுப்பூதியம் தரும். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தராது.

இது புதிய கதை அல்ல. 1885-ல் ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்று கண்டபோது அவரை கல்கத்தாவின் சியாம்புக்கூர் வீட்டுக்கு மாற்றினார்கள். குணமாக வேண்டும் என்று காளியிடம் கேளுங்கள் என்று சீடர்கள் மன்றாடினார்கள். தனக்காகக் கேட்க அவர் தயங்கினார். மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு சின்ன மூலையில் இருந்துகொண்டு, விழுங்கும்படியான உணவைச் சமைத்துக் கொடுத்தது அவருடைய மனைவி சாரதா தேவி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவார், ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் படுப்பார். அந்த வீட்டுக்கு வந்துபோன பலருக்கு அவர் அங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. பக்தியின் கணக்கில் அதைப் பெருமையாகச் சொல்கிறோம். லைன் வீட்டில் அதே மூன்று மணிக்கு எழுந்து ராகி கரைக்கும் பெண்ணைப் பார்த்தால் எனக்குப் பெருமை வரவில்லை.

அவர் என்னதான் செய்வது? நான் பார்த்த வரையில் ஒரு கேள்வி வேலை செய்கிறது. “ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா” என்று கேட்டால் தலை குறுக்கே ஆடும். “எது எது வேணாம்னு எழுதிக் குடுங்க, நான் டாக்டர்கிட்ட சொல்றேன்” என்றால் கை நோட்டைத் தேடும். மகளின் பழைய கணக்கு நோட்டில் அவர் எழுதியது: மூக்கு ட்யூப் வேண்டாம். மயக்க ஊசி வேண்டாம். பஸ்ஸில் துணி கட்டிக்கொண்டு போக மாட்டேன். அவ்வளவுதான். புண்ணுக்குக் கட்டுப் போடுவது அந்தப் பட்டியலில் இல்லை. மாத்திரை இல்லை. வலி மருந்து இல்லை. மூன்று மாதமாக ‘சிகிச்சையை மறுக்கிறார்’ என்று ஊர் சொன்ன மனிதர் மறுத்தது மூன்று விஷயங்களை. அதில் ஒன்று பஸ்.

அந்த நோட்டோடு மனைவி மட்டும் மருத்துவரைப் பார்க்கப் போகலாம். நோயாளி வராமல் எப்படி என்று சிலர் விரட்டுவார்கள். உட்காரச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். மூக்குக் குழாயைப் பற்றி: அது ஒன்றுதான் வழி என்பதில்லை, வயிற்றில் நேரடியாக வைக்கும் குழாயும் உண்டு, சட்டைக்குள் மறைந்துவிடும், முகத்தில் ஒன்றும் தெரியாது. தாடை இறுக்கத்துக்கு: ஐஸ் குச்சிகளை அடுக்கி வைத்து, பற்களுக்கு நடுவே செருகி, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுவது உலகம் முழுக்கச் செய்யும் எளிய பயிற்சி. ஆனால் எலும்பு செத்திருக்கும் தாடையில் மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது, முறிந்துவிடும். சாப்பாட்டுக்கு: களி உருண்டையை மெல்லாமல் விழுங்கலாமே என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றும். உமிழ்நீர் வற்றிய தொண்டையில் அது ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும். நீர்க்கக் கரைத்த கூழ் நல்லது. விழுங்கும்போது இருமல் வந்தால் அதையும் சொல்ல வேண்டும். உணவு நுரையீரலுக்குப் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மாங்கூழுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டம் இது, ஆனால் புளித்த பழத்தின் சாறு வெந்த வாயில் தீயாய் எரியும் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே மனைவி கற்றுக்கொண்டார்.

வலி மருந்து என்றால் மார்ஃபின், மார்ஃபின் என்றால் கடைசி நாள் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தி அதை நோயாளிக்கு எளிதாக்கினார்கள். மாத்திரையாக, அளந்து, மலச்சிக்கலுக்கு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால், நோயாளி எழுந்து நடமாடுவார். வலி குறைந்த பிறகு நோட்டில் உள்ள பட்டியல் மாறுவதும் உண்டு. வலியில் எழுதிய ‘வேண்டாம்’ வேறு, வலி இல்லாதபோது எழுதுவது வேறு. வலி இல்லாத நிலையிலும் பெரிய ஆபரேஷன் வேண்டாம் என்றால், அது அவருடைய முடிவு. அப்போது மனைவி தோற்றுவிட்டதாக யாரும் சொல்லக் கூடாது.

அரசியல் தலைவர் சரத் பவாரைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். 2004-ல் வாய்ப் புற்றுக்கு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளாக மேடை, தேர்தல், நாடாளுமன்றம். பேச்சு குழறினாலும் பேசினார். உண்மைதான். அவருக்குக் கார் வாசலில் நின்றது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு அத்திப்பள்ளி நெரிசலில் பஸ்ஸில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2022-ல் இந்தியாவில் உதடு, வாய்ப் புற்று புதிதாகக் கண்டவர்கள் சுமார் 1.43 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 80 ஆயிரம். உலகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம்மிடம். பேப்பரில் வருவது இந்த இரண்டு எண்கள்தான். வந்தவர்கள், போனவர்கள். நடுவில் ஓட்டை விழுந்த கன்னத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைப்புச் செய்தி இல்லை.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளி கிராமத்தில். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு என்பது திட்டத்திலேயே இருக்கிறது. பக்கவாதத்தில் இறுகிய கைக்குப் பயிற்சி தரத் தெரிந்தவருக்கு, கரண்டில் இறுகிய தாடைக்கும் கற்றுக்கொடுக்கலாம். நடமாடுகிறவர், ஆனால் முகத்தைக் காட்ட வெளியே வராதவர் என்ற வகையையும் ‘வீட்டை விட்டு வர இயலாதவர்’ பட்டியலில் சேர்க்கலாம். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தாயிற்று, ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மாதம் இரண்டு முறை, ஷிப்டு முடிந்து வரும்படியாக மாலை நேரத்தில், வாய்ப் புற்றுச் சிகிச்சை முடித்தவர்களுக்கென்று ஒரு கிளினிக். பல் மருத்துவர் ஒருவர், கட்டுப் போடுகிறவர் ஒருவர், ரத்தம் எடுக்கிறவர் ஒருவர், உட்கார்ந்து பேசுகிறவர் ஒருவர். தாடையைப் புதிதாகக் கட்ட அல்ல; கீழ்ப்படிகளுக்கு. எத்தனை கிரே, எந்தப் பக்கம் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தால், துணிப்பையின் பாரமும் குறையும்.

இன்னொன்று. இவ்வளவு நேரம் கணவரின் வாயைப் பற்றியே பேசினோம். கூழ் கரைத்து, கட்டு மாற்றி, துணி துவைத்து முடித்த பிறகு அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. அம்மாவிடம் பழகியது. பகலில் அவருக்கென்று இருக்கும் பத்து நிமிஷம் அது. திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, புகையிலையோ மதுவோ பழகியவர்களின் வாயை வெறும் கண்ணால், நல்ல வெளிச்சத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்தாலே வாய்ப் புற்றுச் சாவுகள் குறையும் என்று காட்டியது. இரண்டு நிமிஷ வேலை; கருவி ஒரு டார்ச். நாலு வருஷமாக அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி, காப்பீடு, கம்பெனி என்று எத்தனையோ பேர் வந்துபோயிருக்கிறார்கள். அவரை ஒருவரும் வாயைத் திறந்து காட்டச் சொன்னதில்லை.